மிஸ் லின்னுக்கு ஒரு பெட்டி

"சார், விரலெல்லாம் வீங்கிப் போச்சு. இந்த எட்டு முடிச்சும் வேணுமா?" என்று தனேஸ்வரி கையை நீட்டிக் காட்டினாள்.

சிவப்புப் பெட்டி, தங்க ரிப்பன், எட்டு முடிச்சு. குவாலா சிலாங்கூரிலிருந்து ஷாங்காய்க்குப் போகும் குருவிக்கூட்டுக்கு அவ்வளவு அலங்காரம். அங்கே அதை சூப் வைத்துக் குடிப்பார்களாம். ஒரு பெட்டியின் விலை தனேஸ்வரியின் ஒரு மாதச் சம்பளம்.

"கஸ்டமர் சொன்னா மாத்தலாம்மா. நீங்க சொன்னா எப்படி?" என்றார் பேக்கிங் மேனேஜர் கேசவன். கெட்டவர் இல்லை, முதலாளி தவுக்கேயிடம் பேசப் பயம், அவ்வளவுதான்.

அடுத்த வாரமே கஸ்டமர் சொல்லிவிட்டார். ஷாங்காய்க் கடையின் இணையப் பக்கத்தில் மிஸ் லின் என்பவர் எழுதியிருந்ததைக் கேசவனின் கைப்பேசி மொழிபெயர்த்தது: 'ரிப்பனும் தங்கமும் அப்பா காலத்து ஆடம்பரம். எங்களுக்கு எளிமை போதும்.'

தவுக்கே சீனம் பேசுவார், படிக்க வராது. கேசவன் வாசித்துக் காட்டியதும் ரிப்பன் போயிற்று. கையோடு சிவப்பும் போகட்டும் என்று வெள்ளைப் பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது மட்டும் கேசவனின் சொந்தப் புத்தி.

பெட்டிகள் வந்திறங்கியதும் தவுக்கே மலாயில் கத்தினார். சீனர்களுக்கு வெள்ளை துக்க நிறம், சாவு வீட்டுக்கா அனுப்புகிறாய் என்று கேட்டார்.

கேசவன் தலையைச் சொறிந்தார். கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது.

"நாலு மூலையிலயும் மஞ்சள் தடவுங்கம்மா! அமங்கலம் போயிரும்."

"சீனாவுக்கா சார்?"

"மங்கலம் எல்லாருக்கும் மங்கலம்தான் லா!"

பேக்கிங் அறையின் பதினான்கு பெண்களும் தடவினார்கள். வழியில் ஈரம் பட்டு மஞ்சள் பெட்டியெங்கும் பரவியது. ஷாங்காயிலிருந்து படங்கள் வந்து குவிந்தன. 'கறை!' என்றார் ஒருவர். 'கறி கொட்டிய பெட்டி!' என்றார் இன்னொருவர்.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கடை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் பேக்கிங் அறைக்குப் பூட்டு என்று தவுக்கே சொல்லிவிட்டார். பதினான்கு பெண்களோடு பதினைந்தாவது ஆளாகக் கேசவனும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வியாழக்கிழமை மிஸ் லின் மறுபடியும் எழுதினார்: 'அது கறை இல்லை. மங்கலத்துக்காகக் கையால் வைக்கும் மஞ்சள். என் பெட்டியில் ஒரு பெண்ணின் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. உங்கள் பெட்டியில்?'

அவ்வளவுதான். ஆளாளுக்கு ரேகை தேடிப் படம் போட்டார்கள். மெஷின் தொடாத பொருள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்று கொண்டாடினார்கள். வெள்ளிக்கிழமை காலை கடை இரண்டு மடங்கு ஆர்டர் கொடுத்தது. ஒரே நிபந்தனை, மஞ்சள் குறையக் கூடாது.

கேசவன் பேக்கிங் அறைக்கு ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"நம்ம வேலை தப்பிச்சதும்மா! ஷாங்காய்ல உக்காந்துக்கிட்டு அந்தப் பொண்ணுக்கு மஞ்சளப் பத்தி எப்படித்தான் தெரிஞ்சதோ! பேர் தெரியும், முகம் தெரியாது. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

இருப்பதிலேயே நல்ல கூட்டை ஒரு பெட்டியில் அவரே வைத்தார், மஞ்சளும் அவரே தடவினார். பிறகு கைப்பேசியில் அந்த இணையப் பக்கத்திலேயே, 'மிஸ் லின், நன்றி. பரிசு அனுப்ப வேண்டும், முகவரி தருவீர்களா?' என்று எழுதிச் சீனத்தில் மாற்றி அனுப்பினார்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கைப்பேசி 'டிங்' என்றது.

தனேஸ்வரி மஞ்சள் ஒட்டிய கட்டைவிரலால் அதை எடுத்துப் பார்த்தாள்.

"அட்ரஸ் எதுக்கு சார், இங்கயே குடுங்க, கஸ்டமர் சொன்னாத்தான் கேப்பேன்னீங்க, நான் படிச்சது சீனப் பள்ளி லா!"