நிலநடுக்கக் கண்காணிப்பும் ஒரு பெயரும்

ஜப்பானில் குழந்தை பிறந்தால் பதினான்கு நாட்களுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். ரியோஹேய் பதினான்காவது நாள் காலையில் போனான். "ஹாருகா" என்று மனைவி சிசுரு எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப் பையில் இருந்தது.

"பேரை எழுதினோமா, வந்தோமான்னு இருக்கணும். டிவி பக்கம் திரும்பினீங்க, தெரியும் சேதி!" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

அன்று சர்வதேச பேஸ்பால் இறுதிப் போட்டி. நடப்பது அமெரிக்காவில், அங்கே இரவு என்பதால் இங்கே வேலை நேரம். நகராட்சிப் பதிவுப் பிரிவின் தலைவர் ககாவா முன்யோசனைக்காரர். முதல் நாளே ஏழு முத்திரைகளுடன் சுற்றறிக்கை விட்டிருந்தார்: "நிலநடுக்கம் எந்நேரமும் வரக்கூடும். ஆகவே ஊழியர் அனைவரும் தொலைக்காட்சியை இமைக்காமல் கண்காணிக்க வேண்டியது. ரிமோட் காணாமற்போனபடியால் சேனல் மாற்ற இயலாது."

"சார், குழந்தையைப் பதியணும். இன்னிக்குக் கடைசி நாள்."

"டியூட்டியில இருக்கோம், தெரியலையா? ஆட்டம்... கண்காணிப்பு முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"பேஸ்பாலுக்கு ஏதுங்க நேரக் கணக்கு? அதுதானே அதோட அழகே! உக்காருங்க."

ரியோஹேய் திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தான். முதல் கைதட்டலில் கழுத்து திரும்பியது. அடுத்ததில் நாற்காலியும் திரும்பியது.

ஜப்பானுக்காகப் பந்து எறிந்த தெப்பேயின் பந்தை ஒருவராலும் தொட முடியவில்லை. ஆனால் ஒருவர் இத்தனை பந்துதான் எறியலாம் என்பது போட்டி விதி. ஆறாவது சுற்றில் அவரை வெளியே அழைத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு நாற்பது டோக்கனுக்கு மேல் ஒன்றுகூடத் தராத ககாவாவுக்கு ரத்தம் கொதித்தது.

"நல்லா எறியற மனுஷனை எண்ணிக்கை பார்த்து இறக்குறானுங்களே! ரூல் போட்டவனுக்கு மனசாட்சியே கிடையாதா?"

"அதானே சார்! ஆபீசர் புத்தி!" என்று ரியோஹேய் பல்லைக் கடித்தான்.

தோற்க இருந்த ஆட்டத்தைக் கடைசி அடியில் ஜப்பான் ஜெயித்தது. ககாவா ரியோஹேயைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"இது தெப்பேயோட வெற்றி! உலகமே மறந்தாலும் நாம மறக்கக் கூடாது!"

"மறக்கவே மாட்டேன் சார்!" என்று ரியோஹேயும் அழுதான், அழுதுகொண்டே படிவத்தில் எழுதினான். முத்திரை உடனே விழுந்தது. அந்த அலுவலகத்தில் ஒரு வேலை ஒரே நிமிடத்தில் முடிந்தது சரித்திரத்திலேயே அன்றுதான்.

மறுநாள் சிசுரு கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"பொண்ணுக்குத் தெப்பேய்னு ஆம்பளைப் பேரை வெச்சு அனுப்பியிருக்கீங்களே!"

"பேரை மாத்த கோர்ட்டுக்குத்தான் போகணும்மா. ரூலுன்னா ரூலுதான்" என்றார் ககாவா, வருத்தத்தோடு.

சில வருடங்கள் கழித்து அடுத்த சர்வதேசப் போட்டி வந்தபோது தெப்பேய் ஆடவில்லை. கை கெட்டுப்போகும் என்று, அவர் ஆடிக்கொண்டிருந்த அமெரிக்க கிளப் அவரை அனுப்ப மறுத்துவிட்டது. இறுதிப் போட்டியன்று ரியோஹேய்க்கு இரண்டாவது பெண் பதினான்கு நாள் குழந்தையாக இருந்தாள். இந்த முறை சிசுரு யாரையும் நம்பவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு காலையில் தானே போனாள்.

மத்தியானம்தான் திரும்பினாள். தொண்டை கட்டியிருந்தது.

"ஹாருகாதானே எழுதின?" என்று கேட்டான் ரியோஹேய்.

சிசுரு செருப்பைக் கழற்றி, ஒழுங்காக அடுக்கி வைத்தாள். பிறகும் நிமிரவில்லை.

"அந்தக் கடைசி சுற்றுல, அந்தப் பையன் அடிச்சான் பாருங்க ஒரு அடி..." என்று ஆரம்பித்தாள்.