பீரோ மேல் படுத்திருந்த துப்பாக்கி

இதைச் சொல்லத் தெரியாமல் சொல்லிக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டால், கதையில் அவர் வீரர், நான் பைத்தியம். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பரணில் ஒயர் மாற்ற ஏறியவர், கோணியில் சுற்றிய நாட்டுத் துப்பாக்கியோடு இறங்கினார். கட்டையைச் செல் அரித்திருந்தது. குழல் முழுக்கத் துரு.

"இனி நமக்கு ராஜ வாழ்க்கைதான்! யாரும் தேய்க்கக் கூடாது, தொடவே கூடாது. பழைய சாமானுக்குத் துருதான் விலை."

"அப்படின்னா முதல்ல உங்க சைக்கிளை வித்துடலாமே?"

முறைத்துவிட்டு, அதைப் படுக்கையறை பீரோ மேல் சுவரைப் பார்த்து வைத்தார்.

காலையில் அதன் வாய் என் தலையணையைப் பார்த்தது.

தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றிப் படுத்தேன். விடிந்ததும் அங்கேயும் பார்த்தது. பீரோ மேல் தூசியில் அது நகர்ந்த தடம்கூட இல்லை.

"என்னங்க, அது என்னையே பார்க்குது."

"உன்னைப் பார்க்க அதாவது இருக்கே!"

எனக்குச் சோறு இறங்கவில்லை. பாத்திரம் உருண்டால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

இவர், பழைய சாமானுக்கு விலை மதிப்பவர் ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் பார்த்தார்.

"கட்டை ஒரு துப்பாக்கியோடது, குழல் வேற ஒண்ணோடது. உள்ளே ஸ்பிரிங்கே இல்லை. பேரீச்சம்பழத்துக்குக்கூடப் போடமாட்டான், சார்."

பிறகு மெல்லிய குச்சி ஒன்றைக் குழலுக்குள் விட்டார். எங்கே நின்றதோ அங்கே விரலால் பிடித்து, வெளியே குழலோடு வைத்துப் பார்த்தார். குச்சி அடி வரை போகவில்லை. ஒரு சாண் குறைந்தது. துப்பாக்கியை மெதுவாகப் பீரோ மேலேயே வைத்தார்.

"உள்ளே வெடிமருந்து அடைச்சபடியே இருக்கு. அடைச்சவன் சுடாமலே போயிட்டான். சூடு பட்டாலே வெடிக்கலாம். போலீஸ்ல சொல்லிடுங்க."

"இத்தனை நாளும் அது என்னைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சே!" என்று அலறினேன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "நான்தான்டி தூக்கித் தூக்கித் திருப்பி வெச்சேன். நீ பயந்து கிட்ட வராம இருக்கத்தான். இல்லேன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டிருப்பே. மருந்தோட இருந்தா இன்னும் விலை! வேற ஆளைக் கூட்டிட்டு வர்றேன்."

மதிப்பவர் செருப்பை மாட்டாமலே கையில் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை துப்பாக்கி இவர் தலையணையைப் பார்த்தது.

"ஏய், நீதானே?"

"தொடவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அன்று இரவே அவர் ஹாலில் பாயைப் போட்டார். விடிந்து பார்த்தால், துப்பாக்கியின் வாய் பீரோ விளிம்பைத் தாண்டி, திறந்திருந்த கதவு வழியாக அந்தப் பாயைப் பார்த்து நின்றது. பல் தேய்க்காமலே போலீசுக்குப் போன் செய்தார். வந்தவர்கள் குழலில் தண்ணீரை ஊற்றி, ஈரக் கோணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். இப்போது தெருவில், "ஊர் நன்மைக்காக ஒப்படைச்சேன்" என்கிறார்.

முதல் நாள் அவர் தலையணைப் பக்கம் திருப்பியது நான்தான். இரண்டாம் நாள், ஹால் பக்கம் திரும்பியபோது, நான் தொடவில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை.

பீரோ மேல் எவ்வளவு தூசி படிந்தாலும், துப்பாக்கி கிடந்த நீளத்துக்கு மட்டும் துடைத்துவிட்டது போல ஒரு தடம் தெரிகிறது. நேற்று அந்தத் தடத்தின் குழல் முனை என் தலையணைப் பக்கம் திரும்பியிருந்தது.

"என்னங்க, இந்தப் பக்கம்தான் காத்து நல்லா வருது, நீங்க படுத்துக்குங்க" என்று இடத்தை மாற்றிக்கொண்டேன். "என் மேல இவளுக்கு எவ்வளவு அக்கறை!" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.