கூண்டுக்கு வெளியே ஒரு முராய்

"அசையாத! அசைஞ்சா பறந்துடும் லா!" என்று கிசுகிசுத்தாள் ருமானா.

நான் அசையவில்லை. காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலிதான் என் காலடியில் அசைந்தது. தலைக்கு மேலே, மாமரக் கிளையில் பக்கத்து வீட்டு லியனார்ட் அங்கிள் கூண்டில் வளர்க்கும் பாட்டுக் குருவி, முராய், வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் பள்ளிப் புகைப்படப் போட்டியால் வந்த வினை. ‘இயற்கைச் சூழலில் காட்டுப் பறவை.’ இன்று கடைசி நாள். முராயும் காட்டுப் பறவைதானே? அங்கிள் செமினியில் கல்யாணம் என்று காலையிலேயே போய்விட்டார். எங்கள் செந்தூல் ஃபிளாட் நடைவழியில் தொங்கிய கூண்டைக் கீழே தூக்கி வந்தேன். கதவு திறந்தே கிடந்தது. அவசரத்தில் மறந்துவிட்டார் போல. மரத்தில் மாட்டியதும் முராய் கிளைக்குத் தாவியது.

அருமையான படம். கூண்டுக் கம்பி ஒன்றுகூட அதில் விழவில்லை. ஆனால் முராய் திரும்பி வரவில்லை.

ருமானா போனில் முராய்ச் சத்தம் போட்டாள். இரண்டு மைனாக்கள் வந்து கூண்டிலிருந்த புழுக்களைத் தின்றுவிட்டுப் போயின.

"உன் பையில இன்னொரு துடுங் இருக்குல்ல? வலை மாதிரி வீசலாம்."

"அது புதுசு, ஜெரால்டின்! அம்மா கொன்னுடுவாங்க!"

"அங்கிளுக்கு அது புள்ள மாதிரிடி. போச்சுன்னா அழுதுடுவாரு."

முணுமுணுத்துக்கொண்டே புதுத் தலைத்துணியை எடுத்துத் தந்தாள். வீசினேன். கிளையில் மாட்டிக்கொண்டது. எட்டி இழுத்தேன். நாற்காலி சரிந்தது. நான் யாருடைய காரின்மேலோ விழுந்தேன். கார் அலற ஆரம்பித்தது.

பயந்துபோன முராய் நேராகக் கூண்டுக்குள் புகுந்தது. பாய்ந்து கதவைச் சாத்தினேன்.

"போட்டோ?" என்றாள் ருமானா.

"ஆதாரம் லா அது!" அழித்துவிட்டேன்.

சாயங்காலம் அங்கிள் படியேறி வந்தார். கூண்டு பழைய இடத்தில், முராய் உள்ளே. முழங்கைச் சிராய்ப்பை மறைத்துக்கொண்டு, "கல்யாணம் எப்படி, அங்கிள்?" என்றேன்.

கூண்டைப் பார்த்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்லமா. காட்டுப் பறவைய அடைச்சு வைக்கிறது பாவம்னு மூணு வாரமா கதவத் திறந்து வைக்கிறேன். நான் இருந்தா போக மாட்டேங்குது. இன்னைக்காச்சும் போகட்டும்னு ஸ்ரீ கெம்பாங்கான்ல ஒரு கடையில சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவ அது மரத்துல உட்கார்றதப் பார்த்துட்டா போதும்..."

கூண்டைத் தடவியவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஜெரால்டின், இந்தக் கதவச் சாத்துனது யாரு?"