பலாபத்வலையில் மண்டியிட்ட ராஜா

நான் மோசமான நடிகன். அதைவிட மோசமான நாடகாசிரியன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. இருந்த வெட்கமெல்லாம் தொண்ணூறுகளில் ஒரு பகலில், பலாபத்வல சோதனைச் சாவடியில் தீர்ந்துபோய்விட்டது.

நான் வேலை பார்த்த கந்தோரின் விழாவுக்கு ஒரு சோக நாடகம் எழுதினேன். முதல் பாதியில் ராணி தூண்டிவிட, ராஜா சொந்த அண்ணனைக் கொன்று முடிசூடுவான். பின் பாதியில் அவளை மதிக்கமாட்டான். அவள் அவனுக்குப் பயந்தே செத்துப்போவாள். ராஜா நான். ராணியாக வர வேறு யாரும் சம்மதிக்காததால் என் மனைவி கமலா. முதல் பாதியைப் பாதியாக வெட்டினேன். (அதில் அவளுக்குத்தான் வசனம் அதிகம்.)

மூன்று கிழமை, இருபத்தொரு நாளும் ஒத்திகை. நான் யாழ்ப்பாணத்தான், அவள் மாத்தளைக்காரி.

"கமலா, நீர் நடுங்கிறதே இல்லை. மரக்கட்டை மாதிரி நிக்கிறீர்."

"பயம் வந்தாத்தானேங்க நடுங்கும்? உங்களப் பாத்தா பயம் வரலியே."

ஊரடங்குக்குப் பயந்து நாடகத்தைப் பகல் இரண்டு மணிக்கு வைத்திருந்தார்கள். மண்டபத்தில் ஒப்பனைக்கு இடமில்லை என்று வீட்டிலேயே தாடியைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு கமலாவோடு மாத்தளைக்கு பஸ் ஏறினேன். அவளுக்கு முன் சீட், எனக்குப் பின்னால். கையில் கடதாசி சுற்றிய மரவாள். (அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய முட்டாள்தனம் செய்ய முடியாது.)

பலாபத்வலையில் எல்லோரையும் இறக்கினார்கள். ராணுவக்காரன் என் அடையாள அட்டையைப் பார்த்தான். படத்தில் தாடி இல்லை. முகத்தில் இருந்தது. பிடித்து இழுத்தான், தோல்தான் வந்தது. கடதாசியைப் பிரித்தான். வாள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அப்படி நிறுத்தப்பட்டவர்கள் எல்லோரும் வீடு திரும்பிய காலமல்ல அது.

எனக்குச் சிங்களம் தெரியும். அன்று ஒரு சொல்லும் வரவில்லை. கமலா முன்னால் வந்து சிங்களத்தில் சொன்னாள்: "இவர் என் புருஷன். நாடகத்துல ராஜா."

"அப்ப நடிச்சுக் காட்டுங்க."

ராணியை மண்டியிடச் சொல்லி நான் கர்ஜிக்க வேண்டும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கமலா என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி, என் வசனத்தை எனக்கே சிங்களத்தில் சொன்னாள்: "மண்டியிடு. இனி இங்கே நான் மட்டும்தான் பேசுவேன்."

தார் ரோட்டில் மண்டியிட்டேன். மூன்று கிழமையாக அவளுக்கு வராத நடுக்கம் எனக்கு முதல்தரமாக வந்தது.

அவன் கமலாவைக் காட்டிச் சிரித்தான். "நோனாதான் ராஜா. கூட்டிட்டுப் போங்க."

பஸ் புறப்பட்டபோது என் பக்கத்து சீட்டில் ஒரு குடை மட்டும் இருந்தது. அதுவரை அங்கே உட்கார்ந்து வந்த கண்ணாடிக்காரரை அவர்கள் விடவில்லை. அவருக்காகப் பேச யாரும் இல்லை. கமலாவுக்குச் சிங்களம் தெரியும். இப்போது எனக்கும் நாக்கு வந்திருந்தது. நாங்கள் வாய் திறக்கவில்லை. பஸ்ஸில் ஒருவரும் திறக்கவில்லை.

அன்று மேடையில் கமலா அருமையாக நடுங்கினாள். கைதட்டினார்கள்.

இன்றும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் மகள், "அப்பா, மண்டியிடுங்க" என்பாள். ஆட்கள் வந்தால் நடுங்கிக் காட்டச் சொல்வாள். காட்டுவேன். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். "கூட்டிட்டுப் போங்க" என்பதோடு கதையை நிறுத்திவிடுவேன். கமலா அதற்கு முன்பே எழுந்து குசினிக்கு, அடுப்படிக்குப் போயிருப்பாள்.