ஓர் அங்குலம்கூட நகராத வீடு

படம் ஒரு நூல் அளவுதான் சாய்ந்திருந்தது. வேறு யார் கண்ணுக்கும் அது பட்டிருக்காது. பிளான்காரர் கண்ணுக்குப் பட்டது. ஒற்றை விரலால் லேசாகத் தட்டி நேராக்கினார். ஆணி கையோடு வந்தது. ஆணியோடு உள்ளங்கை அகலத்துக்குச் சுவரின் பூச்சும் வந்தது.

மணி பன்னிரண்டு. நாலு மணிக்குப் பத்திரிகையிலிருந்து போட்டோ எடுக்க வருகிறார்கள்.

"என்னங்க சத்தம்?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. படத்தை நேராக்கினேன்."

"நேராயிடுச்சா?"

"தரையில நேரா இருக்கு."

ஒரு கட்டட நிபுணரின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் பிளான் வரைகிறவர் அவர். அங்கே அவருக்குப் பெயரே பிளான்காரர்தான். அவர் வரைந்த பங்களாக்களில் நாய்க்கு ஒதுக்கிய இடத்தைவிட அவருடைய சொந்த ஹால் ஒன்றரை அடிதான் பெரிது. நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. ஆனால் அந்த ஹாலுக்குள் நுழைந்தவர்கள் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார்கள். சோபா, புத்தக அலமாரி, விளக்கு, ஜன்னல் திரையின் மடிப்பு என்று எல்லாம் அவரே அளந்து, அறுத்து, தைத்து, பத்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டிச் செய்தவை. அதைப் பற்றி ஒரு மாதப் பத்திரிகைக்குக் கட்டுரையும் எழுதினார். 'நகரத்தில் இடம் கிடைக்காது, கண்டுபிடிக்கத்தான் வேண்டும். என் ஹாலில் எதையும் ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாது' என்பது அதில் ஒரு வரி. கட்டுரை தேர்வானதும் அந்த வரியை மனைவிக்கு ஏழு தடவை வாசித்துக் காட்டினார். பெருமை இருந்தது, மறைக்கவும் இல்லை. மறைப்பானேன்?

அந்த ஹாலைப் பார்த்து அசராத ஆள் உலகத்தில் ஒருவர்தான். மனைவியின் அண்ணன். அவருக்கு மூன்று மாடி வீடு, தரையெல்லாம் பளிங்கு. வரும்போதெல்லாம் வாசலில் நின்று, "என்ன மாப்பிள்ளை, தீப்பெட்டிக்குள்ள எடம் இருக்கா, இல்ல நான் வெளியவே நிக்கட்டுமா?" என்பார். பத்து வருஷமாக இதே ஜோக். பிளான்காரரும் பத்து வருஷமாகச் சிரித்து வைக்கிறார், உள்ளே எரியும். வீடு பத்திரிகையில் வந்துவிட்டால் அந்த வாய் மூடிக்கொள்ளும். அதற்காகவே மைத்துனரையும் இன்றைக்கு வரச்சொல்லியிருந்தார்.

"அலமாரியை இப்படித் தள்ளிட்டா ஓட்டை மறைஞ்சிடும்" என்றார்.

"ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாதுன்னு எழுதியிருக்கீங்களே?"

"அது வாசகர்களுக்கு எழுதினது. நீ அந்தப் பக்கம் பிடி."

தள்ளினார்கள். ஓட்டை மறைந்தது. அலமாரி இருந்த இடம் வெளியே வந்தது. பத்து வருஷ வெயிலில் சுவர் முழுக்க வெளிறிப் போயிருக்க, அந்த இடம் மட்டும் நேற்று அடித்த பச்சையாகப் பளபளத்தது.

"அலமாரியோட ஆவி நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

"பரண்ல அப்போ மிச்சம் வெச்ச பெயிண்ட் இருக்கு. சுவர் முழுக்க ஒரே பூச்சு. ரெண்டு மணி நேர வேலை."

"பேசாம அந்த ஓட்டையே இருந்திருக்கலாம்."

சொன்னது நியாயம்தான். ஆனால் கிணறு வெட்டி, பூதமும் கிளம்பி வந்தபிறகு மண்ணைப் போட்டு மூடினால் அது உள்ளே போய்விடுமா என்ன?

பெயிண்ட் அடிக்க வேண்டுமானால் ஹால் காலியாக வேண்டும். மாடிப்படி ஏறி வந்ததும் நாலு வீட்டுக்கும் பொதுவாக அகலமான இடம் ஒன்று உண்டு. விளக்கு, தரைவிரிப்பு, பூந்தொட்டிகள், அலமாரி, புத்தகங்கள் எல்லாம் அங்கே போயின. கடைசியாக சோபா. அது வாசற்படியில் பாதி உள்ளே, பாதி வெளியே என்று நின்றுவிட்டது.

"உள்ள வந்தது வெளிய போகாதா?" என்றாள் மனைவி.

பிளான்காரர் மெல்லச் சொன்னார். "அது உள்ள வரவே இல்ல. உள்ளயே வெச்சு செஞ்சேன்."

அந்த நேரம் பார்த்துத்தான் படியேறி வந்தார் மைத்துனர். சோபாவையும், அதற்கு அந்தப் பக்கம் தெரிந்த வியர்த்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, தீப்பெட்டி நிரம்பி வழியுதா?"

"சிரிச்சது போதும் மச்சான். காலைக் கழட்டுறேன், அங்கேருந்து இழுங்க."

கால்களைக் கழற்றி, ஒருக்களித்து, இருவரும் மல்லுக்கட்டி ஒருவழியாக சோபா வெளியேறியது. ஸ்க்ரூ டிரைவரை மைத்துனர் கையில் கொடுத்தார் பிளான்காரர்.

"காலை மாட்டிட்டு, சாமானையெல்லாம் கொஞ்சம் பாத்துக்கங்க. தூசி வரும், நான் கதவைச் சாத்திக்கிறேன்."

"கடைசியில என்னை நிஜமாவே வெளிய நிக்க வெச்சுட்டீங்களே."

"நிக்க வேணாம் மச்சான். சோபா இருக்கு."

கதவைச் சாத்தி, பழைய லுங்கிக்கு மாறி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெயிண்டைக் கலக்கினார். வெளியே எதிர்வீட்டு டீச்சர் குரல் கேட்டது. "நாங்க எப்படிங்க படியிறங்குறது?" உடனே மைத்துனரின் குரல். "இதோ அலமாரியை ஓரமா போட்டு வழி விட்டுடுறேன். அவசரம் இல்லைன்னா உக்காருங்க டீச்சர்."

முக்கால் சுவர் முடிந்தபோது பெயிண்ட் தீர்ந்தது. ஓர் அட்டையில் நிறத்தைத் தடவி, "இதே பச்சை, சின்ன டப்பா" என்று மனைவியைக் கடைக்கு அனுப்பினார். அவள் போன பிறகுதான் கவனித்தார். அடித்த பச்சை காயக் காய வேறு ஒரு பச்சையாகிக்கொண்டிருந்தது. ஆவி இருந்த இடத்துக்கு அருகே போய் ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டூலிலிருந்து இறங்கினார். இறங்கியது பெயிண்ட் தட்டுக்குள். நாலு பச்சைப் பாதங்கள் தரையில் பதிந்தன. துடைக்க, கைக்கு அகப்பட்ட துணியை இழுத்தார். அது மடிப்புக்கு மடிப்பு அளந்து தைத்த ஜன்னல் திரை.

மணி நாலேமுக்கால். கடைக்குப் போனவள் திரும்பவில்லை, போட்டோக்காரரும் வரவில்லை. வெளியே இன்னும் நாலைந்து குரல்கள் சேர்ந்திருந்தன. நடுவில் மைத்துனர் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். தன்னைப் பற்றித்தான் என்று பிளான்காரருக்குத் தோன்றியது. காலி ஹாலின் நடுவில் கவிழ்த்த டப்பாமேல் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷம் ஊராருக்கு வீடு வரைந்தவருக்குத் தன் வீட்டில் ஒரு படத்தை நேராக்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகைகூட வந்தது, பெயிண்ட் கை என்பதால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அடுத்த வாரம் வரச்சொல்லிக் கெஞ்சிப் பார்ப்போம், கேட்காவிட்டால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது. ஒரு சாண் மட்டும் திறந்தார். கழுத்தில் கேமராவோடு ஓர் இளம்பெண் நின்றிருந்தாள்.

"வாம்மா. ஹால் இப்போ இருக்கிற நிலைமையில..." என்று ஆரம்பித்தார்.

அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "பெயிண்டர் அண்ணே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க, வெளிய இருக்கிற ஹாலை நாப்பது படம் எடுத்தாச்சு, ஆனா அந்த வீட்டுக்காரர் இதையெல்லாம் எப்படி இழைச்சு இழைச்சு செஞ்சோம்னு ஒரு மணி நேரமா பெருமை பேசி என்னை விடவே மாட்டேங்கிறார்."