மாப்பிள்ளை வாசம்

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் பவுசியா.

ரிஃபாய் தள்ளி நின்றான்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் தள்ளினான். முதுகு எதிர்வீட்டுச் சுவரில் முட்டியது. அன்னவாசலில் அந்தத் தெருவுக்கு அகலமே அவ்வளவுதான். அதற்கு மேல் தள்ளி நிற்கச் சொன்னால் எதிர்வீட்டு அடுப்படிக்குள் போய்த்தான் நிற்க வேண்டும். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் பெண்டாட்டி, மூக்கில் பாதி எலுமிச்சம்பழத்தை அமுக்கிக்கொண்டு. இந்தப் பக்கம் புருஷன், கையைக் கட்டிக்கொண்டு. நடுவில் சைக்கிளும், ஆடும், காய்கறி வண்டியும் இவர்கள் குடும்ப விஷயத்தைக் கேட்டுக்கொண்டே போய் வந்தன.

பவுசியாவுக்கு மசக்கை. மற்ற பெண்களுக்கு மசக்கையில் மீன் ஆகாது, தாளிப்பு ஆகாது. இவளுக்கு மீனும் ஆனது, தாளிப்பும் ஆனது, புருஷன் மட்டும் ஆகவில்லை. அவன் கிட்டே வந்தால் போதும், குடலைப் புரட்டிக்கொண்டு வரும். பாவம், அவனும் சோப்பை மாற்றிப் பார்த்தான், தலைக்கு வைக்கிற எண்ணெயை நிறுத்திப் பார்த்தான். கடைசியில் அவள் இரண்டு தெரு தள்ளி இருக்கிற அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். அன்றிலிருந்து சம்சாரம் ஜன்னல் வழியாகத்தான் நடக்கிறது.

ரிஃபாய்க்கு ஷார்ஜாவில் வேலை. லீவு முடிந்துவிட்டது, வருகிற வெள்ளிக்கிழமை திருச்சியில் விமானம் ஏற வேண்டும். ஏறினால் திரும்ப இரண்டு வருஷம். பிள்ளை பிறந்து, நடந்து, 'அத்தா எங்கே' என்று போனைக் காட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் இவன் முகத்தை நேரில் பார்க்கும். போவதற்குள் ஒரே ஒரு தடவை பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது. அதை நினைத்து அவனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"ஒனக்கு என்ன வாசந்தான் புள்ள ஒத்துக்கிடும்?" என்று தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டான்.

பவுசியா எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டு யோசித்தாள். அவள் முகம் தெளிந்தது.

"நிக்காஹ் அன்னைக்கு ரூமுல ஒங்க பக்கத்துல கொண்டாந்து ஒக்கார வச்சாங்கல்ல, அப்ப ஒங்க மேல ஒரு வாசம் அடிச்சுச்சுங்க. குளுகுளுன்னு. நெனச்சா இப்பக்கூட வாய் ஊறுது. அது இருந்தா எனக்கு ஒண்ணும் செய்யாது."

அது என்ன அத்தர் என்று கேட்டால், எனக்கென்ன தெரியும், உங்கள் மேல்தானே அடித்தது என்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் நிக்காஹ் அன்று மாப்பிள்ளைக்கு அத்தர் பூசுகிறவர் ஒருவரா இருவரா? மச்சான்மார், மாமன்மார், சலாம் சொல்ல வந்தவர் எல்லாரும் சட்டைப் பையிலிருந்து ஆளுக்கொரு குப்பியை எடுத்து, ஒருத்தர் மணிக்கட்டில் தேய்த்தார், ஒருத்தர் சட்டையில் தடவினார், ஒருத்தர் காது மடலில் பஞ்சே வைத்துவிட்டார். போதாக்குறைக்கு மாப்பிள்ளைக்கு அன்று கடும் ஜலதோஷம். பிரியாணியே மணக்கவில்லை, அத்தரா மணந்திருக்கும்?

"தம்பி, சொவத்துல சாயாதீங்க, சட்ட வீணாப் போயிரும்," என்று தலைக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. ஏணியில் மலையாண்டி நின்றான். அந்தத் தெருவில் எந்த வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதென்றாலும் அவன்தான். நோன்பு வரப்போகிறதே என்று எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டிருந்தார். பழைய காரையைச் சுரண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அத்தர் என்றால் புதுக்கோட்டைக்குப் போங்க தம்பி, அங்கே இல்லாத வாசமா என்று வழியும் சொன்னான்.

ரிஃபாய் அடுத்த பஸ்ஸைப் பிடித்தான்.

கீழராஜ வீதிப் பக்கம் ஹாஜா முகைதீனின் அத்தர் கடை. கடை ஒரு பீரோ அகலந்தான். ஹாஜா முகைதீன் அத்தர் விற்பதைவிட அத்தரைப் பற்றிப் பேசுவதில் பிரியம் உள்ளவர். ரிஃபாய் கதையைச் சொன்னதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"குப்பியில இருக்கிறப்ப அத்தர் ஒரு ஆளு, தோலுக்கு வந்தா வேற ஆளு. ஒரு கைக்கு ஒண்ணு தடவுங்க. தேய்க்காதீங்க. அரை மணி நேரம் இருங்க. அப்புறந்தான் அது தன் சொந்த மொகத்தக் காட்டும்," என்றார்.

ஒரு கைக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு நாலோ ஐந்தோதான் பார்க்க முடியும். வெள்ளிக்கிழமை விமானம் காத்திருக்குமா? ரிஃபாய் சட்டைக் கையை மடித்து இரண்டு முழங்கையையும் மேசைமேல் நீட்டினான். மணிக்கட்டில் மல்லிகை, அதற்கு மேல் ரோஜா, அதற்கு மேல் தாழம்பூ, மறு கையில் கஸ்தூரி, வெட்டிவேர், அகில் மணக்கும் ஊது. கை தீர்ந்ததும் கழுத்து. ஹாஜா முகைதீன் தடுத்துத்தான் பார்த்தார். கேட்டால்தானே.

முதல் பத்து நிமிஷம் கடையே சொர்க்கமாக இருந்தது. பிறகு அத்தர்கள் ஒவ்வொன்றாகச் சொந்த முகத்தைக் காட்டத் தொடங்கின. மல்லிகை, நேற்றைய கொண்டையில் கசங்கிய மல்லிகை ஆனது. ரோஜா புளித்தது. தாழம்பூவும் கஸ்தூரியும் சேர்ந்து என்னவோ ஆயின, அது என்ன என்று ஹாஜா முகைதீனுக்கே சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் முதல்முறையாக அவர் ஸ்டூலைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"ஒங்களுக்குத் தோல் கொஞ்சம் சூடு தம்பி," என்றார் மரியாதையாக.

சூட்டை அமுக்கச் சந்தன அத்தரை இரண்டு தோளிலும் தடவினார். அமுங்கவில்லை. அப்படியானால் குளிர்ச்சி வேண்டும் என்று பன்னீரில் பச்சைக் கற்பூரம் கரைத்துத் தலையிலிருந்து தெளித்தார். தெளித்துவிட்டு, கடைக்கு வேறு ஆள் வருகிற நேரமாயிற்று என்று கும்பிடாத குறையாக அனுப்பிவைத்தார். பவுசியா சொன்ன குளுகுளு ஒருவேளை இந்தக் கற்பூரந்தானோ என்று ரிஃபாய்க்கு ஒரு நப்பாசை. அதோடு பஸ் ஏறினான். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம், ஆனாலும் அவன் உட்கார்ந்த சீட்டில் மட்டும் வேறு யாரும் உட்காரவில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கை நீட்டிக் கொடுத்துவிட்டு முன்படிக்கட்டுக்குப் போனவர் அன்னவாசல் வரைக்கும் பின்னால் வரவே இல்லை.

இறங்கின இடத்தில், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வயதில் பார்வை மங்கிவிட்டது, மூக்கு மங்கவில்லை. சந்தனம், பன்னீர், கற்பூரம், மேலே அத்தர். இந்த நாலையும் சேர்த்து ஒரு மனிதன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறான் என்றால் அது எதற்கு என்று அவருக்குத் தெரியாதா? எத்தனை மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி அடக்கத்துக்கு அனுப்பிய கை அது.

"இன்னாலில்லாஹி," என்று நெஞ்சில் கை வைத்தார். "எந்த வீட்டுக்குத் தம்பி?"

"மாமியா வீட்டுக்குத்தாங்க. அவசரம், வாரேன்," என்று ரிஃபாய் நடந்துகொண்டே சொன்னான். அவனுக்கு நின்று பேச நேரம் எங்கே இருக்கிறது?

நேராக மாமியார் வீட்டுக்குப் போயிருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது. போகிற வழியில் ஒரு பூனை அவனைப் பார்த்துத் தும்மிவிட்டு ஓடியது. அதில் அவனுக்கு மனசு விட்டுப்போய், முதலில் சொந்த வீட்டுக்குப் போய்க் குளித்துவிடலாம் என்று முடிவு செய்தான். சீயக்காய் போட்டுத் தேய்த்தான். கடலை மாவு போட்டுத் தேய்த்தான். போகவில்லை என்று வெந்நீரை மொண்டு ஊற்றினான். அதுதான் வினை. வெந்நீர் பட்டதும், தோலுக்கடியில் அயர்ந்து கிடந்த அத்தரெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொண்டன.

இதற்குள் மோதினார் சொல்லி, பெட்டிக்கடைக்காரர் கேட்டு, வாடகைப் பாத்திரக்கடை வரைக்கும் சேதி போய்விட்டது. ரிஃபாய் தலை துவட்டிக்கொண்டு மாமியார் தெருவுக்குள் நுழைந்தபோது, வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. பெண்கள் தலையில் துப்பட்டியை இழுத்துவிட்டபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். மாமியார் ரம்லத் பீவி ரேஷன் கடைக்குப் போயிருந்தவர், அரிசிப் பையோடு தெருமுனையில் திரும்பினார். தன் வீட்டு வாசலில் இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

மோதினார் அவரை உற்றுப் பார்த்தார்.

"நீங்க இருக்கீங்களா?"

"இருக்காம?" என்றார் ரம்லத் பீவி. அடுத்த நொடி அவருக்கு மகள் நினைவு வந்தது. இந்த வீட்டில் இருப்பதே அவரும் மகளுந்தான். 'எம் புள்ளைக்கு என்ன ஆச்சு' என்று அவர் போட்ட சத்தத்தில், உள்ளே படுத்திருந்த பவுசியா எலுமிச்சம்பழத்தோடு எழுந்து நிலைப்படிக்கு வந்து நின்றாள். மகளைப் பார்த்த பிறகுதான் ரம்லத் பீவிக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது. இருக்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்களே, பிறகு யாருக்கு மவுத்து என்று கேட்டார். எல்லாரும் மோதினாரைப் பார்த்தார்கள். மோதினார் மூக்கை மட்டும் உயர்த்தி, வந்துகொண்டிருந்த ரிஃபாய் பக்கம் திருப்பினார்.

வாசம் முதலில் வந்தது, ரிஃபாய் பின்னால் வந்தான். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. பவுசியாவுக்கு நிலைப்படியிலேயே குமட்டிவிட்டது. அதைப் பார்த்ததுதான் தாமதம், ரம்லத் பீவி துப்பட்டியை மூக்கில் பொத்திக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

"ஊருக்குப் போற நேரத்துல ஏன் மாப்ள இந்தப் பாடு படுத்துறீங்க? தள்ளி நில்லுங்க."

"இல்ல மாமி, நான் என்ன சொல்ல வாரேன்னா…"

"அங்கிட்டு நின்னு சொல்லுங்க. இன்னும் தள்ளி."

ரிஃபாய் பின்னால் போனான். கண்ணெல்லாம் பவுசியா மேல். இனி இவள் பக்கத்தில் உட்காருவது இந்த ஜன்மத்தில் நடக்காது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. இன்னும் தள்ளினான். இன்னும். எதிர்வீட்டுச் சுவர் முதுகில் முட்ட வேண்டிய இடத்தில் முட்டவில்லை. அதற்கு முன்னால் மலையாண்டியின் சுண்ணாம்பு டிரம் இருந்தது.

டிரம்மோடு சாய்ந்து, தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக எழுந்து உட்கார்ந்தான். நல்லவேளை, ஊறி ஆறின சுண்ணாம்பு. பதறிப்போய் இரண்டு பேர் ஆளுக்கொரு குடம் தண்ணீரை முகத்தில் ஊற்றினார்கள். ஊற்றிய பிறகும் அவனைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை.

அப்போது பவுசியா நிலைப்படியை விட்டு இறங்கினாள். முதலில் தலையைச் சாய்த்து மோந்தாள். கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அம்மா கூப்பிடக் கூப்பிடக் கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்து, ஈரத்தில் அவன் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டாள்.

"இதுதாங்க," என்றாள். "அதே வாசம். எந்தக் கடையில வாங்குனீங்க?"

ரிஃபாய்க்குக் கண்ணில் நீர் கொட்டியது. சுண்ணாம்பு எரிச்சல் என்று பிறகு சொல்லிக்கொண்டான். அவள் விரல்களை இறுகப் பிடித்தபடி, கூட்டம் கேட்க விளக்க ஆரம்பித்தான். தனித்தனியாகப் பார்த்ததுதான் தப்பாம். ஊதும் கஸ்தூரியும் ரோஜாவும் தன் தோலில் கலந்து, வெந்நீரில் பழுத்து, இப்போதுதான் சொந்த முகத்தைக் காட்டுகிறதாம். ஹாஜா முகைதீன் கடையில் இதே கலவையில் ஒரு பெரிய குப்பி சொல்லிவைத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவானாம். மோதினார்கூட, அப்படியா தம்பி, எனக்கும் ஒரு சின்னக் குப்பி என்றார்.

மலையாண்டி கவிழ்ந்த டிரம்மை நிமிர்த்தி, அடியில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல ஆத்தா," என்றான் நிமிராமலே. "நிக்காஹ் அன்னைக்கு ஒங்க ரூமுக்கு நாந்தான் வெள்ளையடிச்சேன், செவுரு காயறதுக்குள்ள மாப்பிள்ளையக் கொண்டாந்து உள்ள ஒக்கார வச்சுப்புட்டாங்க."