அக்காவின் மாமியாரும் பழசு மாதிரிப் புதுசான கேமராவும்

என்னிடம் ஒரு பொருளைக் கொடுத்து ‘பத்திரம்’ என்று சொன்னால், அந்தப் பொருள் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும். சுற்றியிருந்த மற்றதெல்லாம் நாசமாகியிருக்கும். என் அக்கா அமுதாவைக் கேட்டால் இதையே இன்னும் கெட்ட வார்த்தையில் சொல்லுவாள்.

எட்டாவதோடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்தோம். பிறகு மீஞ்சூரில் லாரி கிளீனர், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் சாம்பல் வாருகிற வேலை, பேசின் பிரிட்ஜ் பக்கம் மூட்டை தூக்குவது என்று கிடைத்ததைச் செய்தேன். சாப்பிட்ட நாளும் உண்டு, சாப்பிடாத நாளும் உண்டு. எங்கேயும் கால் தரிக்கவில்லை. அப்போதுதான் எண்ணூர்ப் புகைபோக்கிகளைப் படம் எடுக்க ஒரு போட்டோகிராபர் சார் வந்தார். வழி காட்டவும் பை தூக்கவும் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அவரிடம் ஒரு ஃபிலிம் கேமரா இருந்தது. தாத்தா காலத்துக் கேமரா ஒன்றை அச்சு அசலாக அப்படியே இப்போது மறுபடி செய்து விற்கிறார்களாம். எடுத்த படத்தைப் பார்க்கத் திரை கிடையாது. எல்லாம் கையால் திருப்ப வேண்டும். (பழசில் இருந்த ஒரு தொல்லையைக்கூட விட்டுவிடாமல் கவனமாகச் செய்திருந்தார்கள்.) லென்ஸ் ஒரு சின்ன வெள்ளிக் குழாய். உள்ளே தள்ளினால் கேமராவோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்தச் சமயம் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, மீன்பிடிக்கச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கினார். அதுவரை அடுத்தவர் போட்டில் கூலிக்குப் போனவர். அக்கா தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்துத்தான் அந்தப் போட்டு வந்தது. அப்படியும் அவள் மாமியார் கன்னியம்மா அத்தை ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அக்காவைப் பார்த்து அத்தை சிரித்ததே இல்லை.

போட்டைக் கடலில் இறக்குகிற நாளுக்கு மாமா ஸ்டூடியோக்காரருக்குச் சொல்லி வைத்திருந்தார். அக்கா தடுத்துவிட்டாள்.

“என் தம்பி எடுப்பான். பெரிய கேமரா கீது அவன் சார் கையில.”

“இவனா?” என்றார் அத்தை. “இவன் கையில கஞ்சி குட்த்து அனுப்பினா குண்டான் மட்டுந்தான வூடு வந்து சேரும்.”

“அதெல்லாம் எடுப்பான் அத்தே.”

அக்காவின் மானம் இப்படி என் கழுத்தில் தொங்கியது. கூடவே கேமராவும். சார் கொடுக்கும்போது சொன்னார்: “மணல், உப்புக் காத்து. நடக்கும்போது லென்ஸை உள்ள தள்ளி வெச்சுக்கோ. பத்திரம். படம் எடுக்கும்போது மட்டும்...”

“தெரியும் சார்” என்றேன். (அந்த வயதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.)

கரையில் மாமா கேமராவை முறைத்தார். “இன்னா மச்சான், பழசா கீது?”

“புச்சு மாமா. பழசு மாதிரியே புச்சா செய்யிறாங்க.”

“அதுக்குப் பழசையே வாங்கிக்கலாமே?”

அந்தக் கடுப்பில் எல்லோரையும் பார்த்துக் கத்தினேன்: “செல்லையெல்லாம் உள்ள வைங்க! குறுக்கால கைய நீட்டினா படம் கெட்டுடும்!”

“இன்னா மாமு, சினிமாவா எடுக்கிற?” என்று யாரோ முனகினார்கள். ஆனால் வைத்துவிட்டார்கள். வைத்தார்களே, அதுதான் கொடுமை.

அந்தக் கேமராவின் ஜன்னலில் பார்த்தால் நடுவில் உருவம் இரண்டாகத் தெரியும். இரண்டும் ஒன்றாகச் சேரும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். ஒரு மாமியாரையே தாங்க முடியாத என் அக்காவின் பக்கத்தில் இரண்டு மாமியார் நின்றார்கள். வியர்க்க வியர்க்கத் திருப்பி, இருவரையும் ஒருவராக்கினேன்.

பூசணிக்காய் உடைந்தது. போட்டு தண்ணீரில் இறங்கி அலை மேல் ஏறியது. அப்போது அத்தை கையில் மிஞ்சிய குங்குமத்தை அக்கா நெற்றியில் வைத்து, “உன் கை ராசிடி” என்று சொல்லிச் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். நான் அமுக்கினேன்.

அக்கா கண் கலங்கத் திரும்பினாள். “எட்த்தியாடா?”

“சூப்பரா எட்த்துட்டேன்கா.”

படம் கழுவி வந்ததும் சார் போன் செய்தார். “டேய், லென்ஸை வெளியே இழுத்துத் திருப்பிப் பூட்டினியா?”

“இல்ல சார். பத்திரமா உள்ளயே வெச்சிருந்தேன்.”

நாம் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் எடுக்கிற கண் வேறு. லென்ஸ் உள்ளேயே இருந்தால் படம் கலங்கிவிடும், ஆனால் ஜன்னலில் தெளிவாகத்தான் தெரியும் என்று பிறகு விளக்கினார். இப்படி ஆளை ஏமாற்றுகிற ஒன்றை எதற்காக மறுபடி செய்தார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கேமராவில் ஒரு கீறல்கூட இல்லை என்று அவரே பாராட்டினார்.

படங்களை அக்கா வீட்டுத் தரையில் பரப்பினோம். எண்ணூர்ச் சாம்பலைக் கரைத்து ஊற்றினது போல இருந்தது.

“கலர்கூட இல்லியா?” என்றாள் அக்கா. போட்டு இறக்கின அன்று புதுப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். “இதுல நான் எங்கடா கீறேன்?”

“பூசணிக்கா பக்கத்துல.”

“இது பூசணிக்காவா?” என்றார் மாமா. “நான்னு இல்ல நெனச்சேன்!”

அத்தை குங்குமப் படத்தை எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தார். இரண்டு சாம்பல் மூட்டைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன.

“நீங்க சிரிச்சீங்களே அத்தே, அதான் அது” என்றாள் அக்கா.

“நான் எங்கடி சிரிச்சேன்? எங்க, காட்டு?”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மீன் வெந்திருக்கும். வாய் தானாகத் திறந்தது. “படம் நல்லாத்தான் கீது அத்தே. உங்களுக்குக் கண்ணுல பொரை. அதான் தெரியல.”

அத்தை கண்ணைக் கசக்கினார். அடுத்த வாரமே இலவசக் கண் சிகிச்சை முகாமுக்குக் கிளம்பிவிட்டார். போனவருக்கு நிஜமாகவே புரை இருந்தது! ஆபரேஷன் செய்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு திரும்பியவர், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்டார்: “அந்தப் போட்டோவ எடு.”

நான் பின்பக்கக் கதவு எங்கே என்று பார்த்தேன்.

அத்தை நிதானமாகப் பார்த்தார். “இப்பவும் அப்டியேதான் கீது. கோளாறு என் கண்ணுல இல்ல. இந்தக் கம்மனாட்டி கையில!” என்று செருப்பைக் கழற்றி ஓங்கினார். ஓங்கின கை பாதியில் நின்றது. அக்காவைப் பார்த்தார். “ஆனா சிரிச்சேன்டி அன்னிக்கு” என்றார்.

அதன் பிறகு செல்போனில் அத்தையை எத்தனையோ முறை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ரோமமும் தெரிகிறது. ஒன்றில்கூடச் சிரிப்பு இல்லை. அதனால் அக்கா அந்தச் சாம்பல் மூட்டைப் படத்தைத்தான் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். வீட்டில் யார் போட்டோ எடுத்தாலும் என்னை முதலில் வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வாசலில் நின்றாலும் உள்ளே நடப்பது காதில் விழும். புதிதாக வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா இது, பொகையா?” என்பார்கள்.

“நானும் என் மருமவளும். நான் சிரிக்கிறேன் பாரு” என்பார் அத்தை.

“ஒண்ணும் தெரியலையே?”

“உனுக்குக் கண்ணுல பொரை. போய்க் காட்டு.”